எடுத்த கேமராவுக்குள்ளேயே திரும்பிப் போன நெகட்டிவ்

சென்ற ஞாயிறு மாலை நாலரை மணிக்கு, போனில் படியெடுத்த முதல் நெகட்டிவ் சரியாக வந்தது. உறையின் மேல் அப்பாவின் கையெழுத்தில் ‘ஆவணி 94’ என்று இருக்கிறது. மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியில் தொங்கும் முத்துகளைத் திரையில் பெரிதாக்கி எண்ணினேன். ஏழு. மூன்று வாரங்களுக்கு முன்பு இதே நெகட்டிவை இதே போனில் எடுத்தபோது அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்தான் இருந்தது. நடுவில் செய்தவற்றை மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். பரணில் நெகட்டிவ் டப்பா வைத்திருக்கும் யாருக்காவது அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும்.

அப்பா பட்டுக்கோட்டையில் பதினேழு வருடம் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்தவர். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது ஓடும் கூரையும் போன வீடுகளில் ஆல்பங்களும் போயின. நனைந்த ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது முகம்தான் முதலில் உரிந்து வரும். எங்கள் வீட்டுப் பரண் தப்பியது. அங்கே பிஸ்கட் தகர டப்பாக்களில் நெகட்டிவுகள் நான்கு நான்கு படங்களாக வெட்டி, உறை போட்டு, மாதமும் வருடமும் எழுதியபடி அப்படியே இருந்தன. அதன் பிறகு யாராவது ஒருவர் வந்து, “எங்கள் அம்மா கல்யாணப் படம் ஒன்றாவது கிடைக்குமா?” என்று கேட்பதும், அப்பா டப்பாவைத் தேடுவதும் வழக்கமாகிவிட்டது.

முதல் டப்பாவில் மட்டும் 31 ரோல், ஏறத்தாழ 1,100 படங்கள். வெளியூர் லேப் ஒன்றில் விசாரித்தோம். படத்துக்கு 20 ரூபாய், மொத்தம் 22,000 என்றார்கள். டப்பாவை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்பாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அப்படித்தான் வேலை என் கைக்கு வந்தது.

என்னிடம் இருப்பது கூகுள் பிக்சல் 4ஏ. 2020 அக்டோபரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த போன். எடை 143 கிராம், உள்ளங்கைக்குள் அடங்கும். பின்னால் ஒரே ஒரு கேமராதான்: 12.2 மெகாபிக்சல், எஃப்/1.7 லென்ஸ். பன்னிரண்டு மெகாபிக்சல் இருக்கும்போது தபால்தலை அளவு நெகட்டிவைப் படியெடுக்க என்ன குறை என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு: டிரேசிங் செய்யப் பயன்படும் ஏ4 அளவு எல்இடி பலகை ஒன்றை 750 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் மேல் நெகட்டிவ், இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு, அடுக்குகளின் மேல் போன். பத்து சென்டிமீட்டருக்குக் கீழே இறக்கினால் ஃபோகஸ் பிடிக்கவில்லை. எடுத்த படத்தில் நெகட்டிவ் நடுவில் சின்னதாகக் கிடந்தது. நெகட்டிவ் கிடந்த இடத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். படத்தின் அகலம் முழுவதும் 12.6 சென்டிமீட்டர். அதில் 4,032 பிக்சல். அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 320. நெகட்டிவின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. அதற்குக் கிடைத்தது 1,152க்கு 768 பிக்சல், ஒன்பது லட்சத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் வெளிச்சப் பலகையின் வெறும் வெள்ளை. ஜூம் செய்தேன். படம் பெரிதானதே தவிர முத்து முத்தாகவில்லை.

இந்த வேலையில் இறங்கும் எவரும் முதலில் அந்த ஸ்கேல் படத்தை எடுத்துவிடுங்கள். எத்தனை மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருப்பது ஒன்று, உங்கள் பொருளுக்கு அதில் எத்தனை கிடைக்கிறது என்பது வேறு. அதை அரை நிமிடத்தில் ஸ்கேல் சொல்லிவிடும்.

அடுத்து, போனில் கவ்வும் மேக்ரோ லென்ஸ் ஒன்றை 350 ரூபாய்க்கு வரவழைத்தேன். இது எதிர்ப்பக்கம் போய்விட்டது. இரண்டு சென்டிமீட்டர் அகலம்தான் தெரிந்தது. அதிலும் நடுவில் ஒரு காசு அளவுக்குத்தான் கூர்மை, ஓரமெல்லாம் இழுபட்டு நீலமும் சிவப்புமாகக் கோடு விழுந்தது. ஒரு நெகட்டிவை ஆறு துண்டாக எடுத்துக் கணினியில் ஒட்டிப் பார்த்தேன். ஒரு படத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஆயிரத்து நூறு படத்துக்கு அது ஆகாது. அந்த லென்ஸ் இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

வழி காட்டியது அப்பா. நான் கவ்வு லென்ஸோடு போராடுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், தன் யாஷிகா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000ஐ எடுத்து வந்தார். 1986இல் வெளிவந்த மாடல் அது. அப்பா வாங்கியது 1991இல். மேல் தோலுறை பொரிபொரியாக உதிர்ந்து, கைப்பிடி இடத்தில் உலோகம் தெரிகிறது. லென்ஸ் 50 மி.மீ., எஃப்/1.9. அதைத் திருகிக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“லூப், அதான் உருப்பெருக்கிக் கண்ணாடி, வாங்கக் காசில்லாத நாளில் இதை வைத்துத்தான் நெகட்டிவ் பார்ப்போம், பாப்பா. கண்ணுக்குப் பதிலாக உன் போனை வை.”

வைத்தேன். கையால் பிடித்து எடுத்த அந்த முதல் ஆட்டம் கண்ட படத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஓரம் வரை நேராக, நிறக்கோடு இல்லாமல் வந்தது. ஒரு கல்யாணக் கேமராவின் லென்ஸுக்கும் 350 ரூபாய் கண்ணாடிச் சில்லுக்கும் உள்ள தூரத்தை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஆனால் லென்ஸுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர் இடைவெளி மாறாமல் நிற்க வேண்டும். லென்ஸ் சாயவும் கூடாது. அட்டைக் குழாய் செய்தேன், சாய்ந்தது. பிவிசி குழாயை அறுத்தேன், அறுத்த முகம் கோணலாயிற்று. உப்புத்தாளில் தேய்க்கத் தேய்க்க உயரம் குறைந்தது. இரண்டாவது ஞாயிறு முழுவதும் இதிலேயே போயிற்று. மாலையில் அப்பா கேட்ட கேள்வி எளிமையானது: “அந்த இடைவெளியை வைத்துத்தானே பாடியைச் செய்திருக்கிறான்? லென்ஸ் பாடியிலேயே இருந்தால் என்ன?”

அதுதான் கடைசியில் வேலை செய்த அமைப்பு. ஃபிலிம் எந்த இடத்தில் ஓடியதோ அந்த இடத்திலேயே நெகட்டிவ். பின்கதவைத் திறந்துவிட்டு, பின்னாலிருந்து வெளிச்சம். ஷட்டரைத் திறந்து நிறுத்திவிட்டு, லென்ஸின் முன்பக்கத்திலிருந்து போன் உள்ளே பார்க்கிறது. அன்று கல்யாண வீடு நின்ற பக்கத்தில் இன்று போன் நிற்கிறது. 36க்கு 24 மி.மீ. வாசல் அங்கே ஏற்கெனவே அளவாக வெட்டப்பட்டிருக்கிறது. லென்ஸுக்கு நேர் செங்குத்தாக ஃபிலிம் நிற்கும்படி தொழிற்சாலையிலேயே அமைத்திருக்கிறார்கள். என் பிவிசி குழாய் அதன் அருகில் நிற்க முடியாது.

இந்தக் கேமராவின் ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் ஓடுவது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான், அதைக் கழற்றிவிட்டேன். ஷட்டர் சக்கரத்தை ‘பி’யில் வைத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் லென்ஸுக்குப் பின்னாலுள்ள கண்ணாடி மேலே ஏறிக்கொள்ளும், ஷட்டர் திறந்தே நிற்கும். முதலில் பொத்தான் மேல் நாணயம் வைத்து டேப்பால் இறுக்கினேன். பத்து நிமிடத்தில் டேப் தளர்ந்து ஷட்டர் மூடியது. பொத்தானை அழுத்தியபடியே பிடித்து வைக்கும், பூட்டுத் திருகு உள்ள கம்பி, அதாவது கேபிள் ரிலீஸ், 280 ரூபாய். வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கேமராவை லென்ஸ் மேலே பார்க்கும்படி மல்லாக்க வைத்து, இரண்டு பக்கமும் தேக்குத் துண்டு கொடுத்தேன். தச்சுப் பட்டறையில் கேட்டதும் கழிவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். திறந்த கதவு ஒரு கட்டைக்கு வெளியே தொங்குகிறது. கீழே நாலு சென்டிமீட்டர் தள்ளி எல்இடி பலகை. மேலே போனை வைத்துத் திரையைப் பார்த்தால், நடுவில் ஒரு வட்டம் மட்டும் வெளிச்சமாக, சுற்றிலும் கும்மிருட்டு. மணமக்களின் மூக்கும் வாயும் தெரிந்தன, மாலை இல்லை, மணவறை இல்லை. போனை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். வட்டம் நகர்ந்தது, பெரிதாகவில்லை. அமைப்பே தவறு என்று கலைக்கப் போனேன்.

“எஃப் எதில் நிற்கிறது?” என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து எழாமலே.

எஃப் என்பது லென்ஸின் துளை அளவு, எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 8இல் நின்றது. கடைசியாக எப்போதோ வெளியில் எடுத்தபோது வைத்தது. ‘பி’யில் ஷட்டர் திறந்திருக்கும்போது லென்ஸ் அந்த 8க்கு மூடிக்கொள்கிறது. வளையத்தை 1.9க்குத் திருப்பியதும் திரை முழுக்க ஒளி பரவியது. மூடினால் கூர்மை கூடும் என்பது படம் எடுக்கும்போது சரி. இங்கே போன் தன் சொந்தத் துளையோடு வருகிறது, கணக்குப்படி அதன் விட்டம் சுமார் 2.6 மி.மீ. அதற்கு முன்னால் இன்னொரு துளையைச் சுருக்கினால், சாவித்துவாரம் வழியாக அறையைப் பார்ப்பது போலத்தான். லென்ஸை முழுக்கத் திறந்தே வையுங்கள்.

மூலைகள் அப்போதும் கொஞ்சம் இருட்டு. காரணம் தூரம். போனின் தடித்த உறையும் லென்ஸின் விளிம்பும் சேர்ந்து நடுவில் ஒன்பது மி.மீ. இடைவெளி விழுந்திருந்தது. உறையைக் கழற்றி மூன்று மி.மீ.க்குக் கொண்டுவந்ததும் மூலையிருட்டு கிட்டத்தட்ட மறைந்தது. இந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கணக்கு.

உறை இல்லாத போன் கண்ணாடி லென்ஸ் மேல் வழுக்கியது, நிலையான இருக்கை வேண்டும். லென்ஸுக்குப் பொருந்தும் பழைய யூவி ஃபில்டர் ஒன்று கண்ணாடி உடைந்து கிடந்தது. சில்லைத் தட்டியெடுத்துவிட்டு, வளையத்தை 150 ரூபாய் மென்மையான ரப்பர் உறை ஒன்றில் எபாக்சி பசையால் ஒட்டினேன். மறுநாள் காலையில் வளையம் தனியாகக் கையோடு வந்தது. அந்த வகை வழவழப்பான உறையில் எபாக்சி பிடிக்காது. அடுத்து 180 ரூபாய்க்குக் கடினப் பிளாஸ்டிக் உறை வாங்கினேன். கேமராவைச் சுற்றி வெட்டி அகலமாக்கி, ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி ஒட்டியது இன்றுவரை நிற்கிறது. வளையத்தின் நடுவைக் கண்ணால் குறித்து ஒட்டிவிடாதீர்கள். ஒட்டாமல் வைத்து, யாஷிகா லென்ஸை வேண்டுமென்றே 16க்கு மூடினால் திரையில் ஒரு சிறு வட்டம் தெரியும். அது நட்டநடுவில் வரும் வரை வளையத்தை நகர்த்தி, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு பிறகு ஒட்டுங்கள். என்னைத் திணறவைத்த அந்த இருட்டு வட்டம் இதற்கு நல்ல கருவியாக உதவியது. ஒட்டியதும் மறக்காமல் 1.9க்குத் திரும்புங்கள்.

போனின் கேமரா மூலையில் இருப்பதால் மற்ற முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சுமை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை இழுக்கும். அந்த முனைக்கும் ஒரு தேக்குத் துண்டு கொடுத்தாயிற்று. இந்த இடத்தில் சின்ன போன் என்பது பெரிய வசதி. 200 கிராமுக்கு மேல், மூன்று கேமரா துருத்திக்கொண்டு நிற்கும் போன் என்றால் இந்த இருக்கையை வேறு மாதிரி செய்ய வேண்டியிருந்திருக்கும்.

நெகட்டிவை நிறுத்துவது தனிக்கதை. ஃபிலிம் வளைந்து நிற்கும். அதை அமுக்கப் படச்சட்டக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்தேன். கண்ணாடியும் ஃபிலிமின் பளபளப்பான பக்கமும் தொடும் இடங்களில் தண்ணீரில் எண்ணெய் விட்டாற்போல் வானவில் வளையங்கள் வந்தன. மணமகனின் வெள்ளைச் சட்டையில் அவை நன்றாகவே தெரிந்தன. கண்ணாடியை எடுத்துவிட்டு, கறுப்பு அட்டையில் ஒரு வாய்க்கால் செய்தேன்: இரண்டு அட்டை, இரண்டிலும் வாசல் அளவுக்குச் சன்னல், நடுவில் 35 மி.மீ. அகலப் பாதை. ஃபிலிமின் ஓரத் துளைகள் மட்டும் அட்டையில் உரசும், படம் எதையும் தொடாது. ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்தால் அடுத்த படம் வரும்.

அட்டையை மாட்டியதும் எல்லாம் மங்கிவிட்டது. நெகட்டிவ் தன் இடத்தைவிட அட்டையின் தடிமன் அளவுக்குப் பின்னால் போயிருந்தது. அளந்தால் 0.8 மி.மீ. போனின் ஃபோகஸைத் தொடாமல், யாஷிகாவின் ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியிலிருந்து மெதுவாகத் திருப்பினேன். மங்கல் கூடியது. அந்த வளையம் லென்ஸை நெகட்டிவிலிருந்து இன்னும் தள்ளித்தான் நகர்த்தும். வளையத்தை முடிவிலிக்கே திருப்பிவிட்டு, லென்ஸ் பக்கத்து அட்டையை எடுத்து, ஃபிலிம் கேமராவின் வாசலிலேயே படியும்படி வைத்ததும் ஃபிலிமின் பொடிமணிகள் தெரிந்தன.   முடிவிலிக் குறியிலேயே வளையத்தை டேப்பால் ஒட்டிவிட்டேன்.

வெளிச்சத்தில் ஒரு வாரம் போனது. பலகை கண்ணைக் கூசியதால் ஒளியைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தேன். படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்தன, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில். போன் பழுதா, கம்பி பழுதா என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தற்செயலாக ஒளியை முழுக்கக் கூட்டினேன். பட்டை போய்விட்டது. இந்தப் பலகைகள் ஒளியைக் குறைப்பது விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான். கண்ணுக்குத் தெரியாது, வரிவரியாகப் படம் பிடிக்கும் போனுக்குத் தெரியும். முழு ஒளியில் வைத்து, கூசுவதைத் தணிக்க ஒரு பால் வெள்ளை அக்ரிலிக் துண்டை நடுவே வைத்தேன். பெயர்ப் பலகை செய்யும் கடையில் 40 ரூபாய்க்குத் தந்தார்கள். அது ஒளியைச் சீராகவும் பரப்புகிறது. மேலே லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி, அறையில் டியூப்லைட் அணைப்பு.

இனி போன். இவ்வளவு செய்தும் முதல் ரோல் சோதனையில் நான்கு படமும் நான்கு நிறமாக வந்தன. ஒரே கல்யாணம், ஒரே நிமிடம். ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை, ஒன்றில் முகமெல்லாம் செம்பருத்தி. கைப்பேசிக் கேமராக்கள் எல்லாமே பார்ப்பதைத் திருத்திக் காட்டப் பழக்கப்பட்டவை. பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும், நிழலைத் தூக்கும், விளிம்பைக் கூராக்கும், வெள்ளை எது என்று தானே முடிவு செய்யும். கடற்கரையில் குடும்பத்தோடு நிற்கும்போது அது நமக்கு உதவி. ஆரஞ்சு நிற நெகட்டிவைக் காட்டினால் அது என்னவென்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி திருத்துகிறது. திருத்திய தப்பைத் தலைகீழாக்கும்போது தப்பு இரட்டிப்பாகிறது.

ஆகவே எல்லாவற்றையும் பூட்டினேன். ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியில் கைமுறை வசதிகள் எல்லாம் இருக்கின்றன. ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு 100, நேரம் 1/50 நொடி, ஃபோகஸ் முடிவிலி, வெள்ளைச் சமன் ஒரே எண்ணில். கோப்பு டிஎன்ஜி, அதாவது சென்சார் பார்த்ததைப் பார்த்தபடி சேமிக்கும் வகை. ஒரு கோப்பு 24 எம்பி அளவு. ஒரு டப்பாவுக்கு 26 ஜிபி ஆகும். போனில் 128 இருப்பதால் ரோலுக்கு ரோல் கணினிக்கு மாற்றிக்கொண்டால் போதும். அதன் பிறகு ஒரு ரோலின் 36 படமும் ஒரே நிறத்தில் நின்றன. இந்தப் போனின் கேமரா நல்ல கேமரா என்று நான் நம்பத் தொடங்கியது, அதன் கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் நிறுத்திவைத்த பிறகுதான்.

படம் எடுக்கத் திரையைத் தொட்டால் ஆடுகிறது. இந்தப் போனில் இயர்போன் துளை இருக்கிறது. கம்பி இயர்போனைச் செருகி, அதன் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினால் படம் எடுக்கிறது. மேசையைத் தொடாமல், ஒரு கையில் ஃபிலிம், மறு கையில் பொத்தான். ஒரு படத்துக்கு நாற்பது நொடி.

இப்போது நெகட்டிவுக்குக் கிடைப்பது 2,250க்கு 1,500 பிக்சல், முதல் ஞாயிறு கிடைத்ததைப் போல நாலு மடங்கு அருகில். 5×7 அங்குலம் பிரிண்ட் போட அது போதும்.

44 படம் எடுத்த பிறகுதான் அம்மா கவனித்தார். காபி கொண்டுவந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “ஏன் எல்லோரும் முந்தானையை வலத் தோளில் போட்டிருக்கிறார்கள்?” என்றார். உண்மைதான். மணப்பெண், நாத்தனார், பந்தியில் நின்ற பாட்டி வரை எல்லோருக்கும் முந்தானை வலப்பக்கம், கடிகாரம் வலக்கையில். ஃபிலிமின் மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி, எடுத்த நாளில் இருந்தது போலவே வைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் வலமாகத்தான் தெரியும். ஃபிலிமைத் திருப்பி வைக்கலாம். நான் அதைச் செய்யாமல், கணினியில் ஒரே கட்டளையில் எல்லாப் படத்தையும் இடவலம் புரட்டிக்கொள்கிறேன். ஆனால் இப்போது ஒவ்வொரு ரோலிலும் முதலில் முந்தானையைப் பார்க்கிறேன்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. ஊது குமிழ் 160 ரூபாய், முதலில் அதுதான். டெல்டா ஈரத்தில் சில ரோல்களில் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருக்கிறது. ரோலின் தொடக்கத்தில் படம் இல்லாத துண்டில் கை கழுவும் சானிட்டைசரைத் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். பிசுபிசுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டது. நல்ல வேளையாக அது படமில்லாத துண்டு. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு உருட்டியில் ஒற்றி, ஒரே திசையில் ஒரே இழுப்பு. பூஞ்சை படத்தையே தின்ற இடம் திரும்பாது. அதை நான் கணினியிலும் தொடவில்லை.

நெகட்டிவைப் படமாகத் திருப்புவதற்கு டார்க்டேபிள் என்ற கணினி மென்பொருள். 2020இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து இதற்கென்றே நெகாடாக்டர் என்ற பகுதி அதில் இருக்கிறது. அதற்கு ஃபிலிமின் வெற்று ஆரஞ்சு நிறத்தை ஒரு முறை காட்ட வேண்டும். வாசல் படத்தின் அளவுக்கே இருப்பதால் ஓரம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ரோலிலும் இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள இரண்டு மி.மீ. இடைவெளி வாசலுக்குள் வரும்படி இழுத்து ஒரு படம் எடுத்துவிடுகிறேன். அதை வைத்து நிறத்தைச் சரிசெய்து, அதே அமைப்பை ரோல் முழுவதற்கும் ஒட்டினால் முடிந்தது.

நிறம் சரியா என்று பார்க்க என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. 1993 ரோலில் என் அத்தையின் கல்யாணம் இருக்கிறது. அந்தக் கூறைப்புடவையை அத்தை பீரோவிலிருந்து எடுத்து வந்து மடியில் விரித்து உட்கார்ந்தார். கணினித் திரையும் புடவையும் பக்கத்தில் பக்கத்தில். சரிகை சரி. மாம்பழ நிறக் கரை சரி. உடலின் அரக்குதான் திரையில் கொஞ்சம் காப்பிக்கொட்டை நிறமாகப் போயிருந்தது. “இது இன்னும் சிவப்பாக இருக்க வேண்டும். பார், இந்த மடிப்புக்குள் வெயில் படாத இடம்,” என்று விரலால் பிரித்துக் காட்டினார். மலிவான எல்இடியில் அடர் சிவப்பு குறைவு. சோதனைக்கு 40 வாட் குண்டு பல்பை வைத்துப் பார்த்தேன், அரக்கு அரக்காகவே வந்தது. ஆனால் ஐந்து நிமிடத்தில் சூட்டில் ஃபிலிம் வில்லாக வளைந்தது. உடனே அணைத்துவிட்டேன். இப்போதைக்கு டார்க்டேபிளில் சிவப்பைக் கையால் கொஞ்சம் தூக்குகிறேன்.

செலவு: பலகை 750, கேபிள் ரிலீஸ் 280, கவ்வு லென்ஸ் 350, இரண்டு உறைகள் 330, எபாக்சி 60, அக்ரிலிக் 40, ஊது குமிழ் 160, ஆல்கஹால் 120, கறுப்பு அட்டை 20. மொத்தம் 2,110 ரூபாய். கவ்வு லென்ஸும் ரப்பர் உறையும் வீண், அவற்றை விட்டால் 1,610. போனும் கேமராவும் வீட்டில் இருந்தவை. இவை இரண்டும் இல்லாதவர்கள் இதற்காகவே வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 50 மி.மீ. லென்ஸோடு கூடிய பழைய ஃபிலிம் கேமரா ஏதாவது ஒரு வீட்டுப் பீரோவில் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்த டப்பாவுக்கு முன்பு இரண்டு மாற்றம் செய்வேன். ஒன்று, இந்தப் பலகைக்குப் பதிலாக நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி, அதாவது சிஆர்ஐ என்ற நிற அளவீட்டில் 95க்கு மேல் உள்ளது. இரண்டு, அட்டை வாய்க்காலுக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகடு. முந்நூறு படத்துக்குப் பிறகு அட்டையின் ஓரம் நைந்து, அதன் தூசே நெகட்டிவில் விழத் தொடங்கியிருக்கிறது. வெகு அடர்த்தியான நெகட்டிவுகளை, அதாவது ஃபிளாஷ் வெள்ளை வேட்டியில் நேராக அடித்தவற்றை, 1/50இல் ஒன்றும் 1/10இல் ஒன்றுமாக இரண்டு முறை எடுப்பேன். ஒரே முறை எடுத்தவற்றில் வேட்டி மடிப்பில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிகிறது.

மூன்றாவது டப்பா இந்த அமைப்புக்குள் வராது. அதில் இருப்பவை அப்பா தொழில் பழகிய காலத்து அகல நெகட்டிவுகள், ‘120’ என்ற அளவு ஃபிலிம், ஆறு சென்டிமீட்டர் சதுரம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த ‘இந்து’ கறுப்பு-வெள்ளை ஃபிலிம். அவை ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதி இருப்பதால் போனுக்கு அவ்வளவு நெருங்க வேண்டியதில்லை, புத்தக அடுக்கே போதுமாயிருக்கும். சமமாக நிறுத்துவதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

‘ஆவணி 94’ மணப்பெண்ணின் மகளுக்கு அன்று இரவே அந்தப் படத்தை அனுப்பினேன், முந்தானையை இடத் தோளுக்கு மாற்றிவிட்டு. அவர் என் அப்பாவை மாமா என்று கூப்பிடுபவர். பத்து நிமிடத்தில் போன் வந்தது. தாத்தா இருக்கும் படம் ஏதாவது உண்டா மாமா, வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தார். “தாரை வார்க்கும்போது எடுத்தேன். மூன்றாவது துண்டில் பார்.”

கேபிள் ரிலீஸை மறுபடி பூட்டினேன். மூன்றாவது துண்டு, இரண்டாவது படம். கறுப்பு முகத்தோடு, வெள்ளை நிழலோடு, சொம்பைப் பிடித்தபடி ஒரு பெரியவர் நின்றார். இயர்போன் பொத்தானை அழுத்தினேன்.